குஞ்சு தையில், குட்டை புரட்டாசியில்: கடலூர்ப் பக்கம் மீன் வளர்க்க நினைப்பவர்களுக்கு

ஆடிப்பெருக்கு முடிந்தால் போதும், எனக்கு போன் வர ஆரம்பித்துவிடும். "அக்கா, பயிற்சி முடிச்சிட்டேன். குட்டையும் வெட்டியாச்சு. குஞ்சு எங்கக்கா வாங்குறது?" தாராளமாக வாங்கலாம், ஆனால் அதைப் பெரிய குட்டையில் கொண்டுபோய்க் கொட்டாதே என்பேன். பாதிப் பேருக்கு இந்தப் பதில் பிடிப்பதில்லை. வகுப்பில் கொடுத்த கையேட்டில் ஜூலை, ஆகஸ்டில் குஞ்சு இருப்புச் செய்யலாம் (குட்டையில் விடலாம்) என்று போட்டிருக்கிறதே என்று கேட்பார்கள். கையேட்டின் மேல் குறை இல்லை. கெண்டை இனங்கள் சினைப்பிடித்து முட்டையிடுவது அந்த மாதங்களில்தான், பொரிப்பகங்களில் குஞ்சு மலிவாகக் கிடைப்பதும் அப்போதுதான். ஆனால் நமக்குப் பெருமழை ஐப்பசியிலும் கார்த்திகையிலும். ஆவணியில் விட்ட இரண்டு அங்குலக் குஞ்சு விரல் நீளத்துக்கு வளர்ந்து நிற்கும்போது வெள்ளம் வந்து கரையைத் தொடும்.

2011 டிசம்பர் கடைசியில் தானே புயல். 2015 நவம்பரில் வரப்பு எது, கரை எது என்று தெரியாத மழை. 2024-ல் ஃபெஞ்சல் புயலும், அதையொட்டிச் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் இறங்கிய வெள்ளமும். கடலூர், புதுச்சேரிப் பக்கம் குட்டை வைத்திருக்கிற எல்லோருக்கும் இந்தக் கணக்கு மனப்பாடம். இத்தனைக்கும் பிறகு கார்த்திகை மாதத்தில் குட்டை நிறைய மீனை வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்து உட்கார்ந்திருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

நான் குறிஞ்சிப்பாடி ஒன்றியத்துக்காரி. பெருமாள் ஏரிக்குப் பக்கத்தில் நெல்லும் கொஞ்சம் மணிலாக்கொட்டையும் போடுகிற குடும்பம். எங்கள் ஊர் மகளிர் குழுப் பெண்களுக்கும், பயிற்சி முடித்துவிட்டு வருகிற பிள்ளைகளுக்கும் என் குட்டைக் கரையிலேயே செய்முறை சொல்லிக் கொடுக்கிறேன். நான் பின்பற்றுகிற வரிசை இது: ஆவணியில் சின்னக் குஞ்சை வாங்கி மேட்டில் இருக்கிற சின்னக் குட்டையில் வைப்பது, புரட்டாசியில் பெரிய குட்டையைக் காய வைப்பது, மழையை மீன் இல்லாத குட்டையில் வாங்குவது, தை பிற்பாதியில் அரை அடி நீளம் வந்த குஞ்சைப் பெரிய குட்டைக்கு மாற்றுவது, அடுத்த ஆவணிக்குள் பிடித்து முடிப்பது.

மண்

தண்ணீர் நிற்காத இடத்தில் மீன் வளர்க்க முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் வெட்டிவிடுகிறார்கள். புவனகிரி, காட்டுமன்னார்கோயில் பக்கம் களிமண், கவலையே இல்லை. பண்ருட்டி, நெய்வேலி பக்கத்துச் செம்மண்ணும் மணல் கலந்த மண்ணும் தண்ணீரைக் குடித்துவிடும். ஜேசிபி கூப்பிடுவதற்கு முன்னால் மூன்றடிக்கு மூன்றடி, மூன்றடி ஆழத்தில் ஒரு குழி தோண்டுங்கள். சாயங்காலம் அது நிறையத் தண்ணீர் விடுங்கள். காலையில் பாதி இறங்கியிருக்கும், பயப்பட வேண்டாம், காய்ந்த மண் முதல் தடவை குடிக்கத்தான் செய்யும். மறுபடியும் நிரப்பி, வாழை இலையால் மூடி வைத்து, மறுநாள் பாருங்கள். பெரும்பகுதி நின்றால் வெட்டலாம். நிற்காவிட்டால் பிளாஸ்டிக் ஷீட் விரிக்க வேண்டிவரும். அந்தச் செலவு போட்டு கெண்டை வளர்த்துக் கட்டுப்படியாகுமா என்பதை உட்கார்ந்து கணக்குப் போட்டுவிட்டு முடிவெடுங்கள்.

எங்கள் பக்கம் பலரிடம் இருப்பது முப்பது மீட்டருக்கு முப்பது மீட்டர் பண்ணைக்குட்டை. 900 சதுர மீட்டர், ஏறக்குறைய 22 சென்ட். கீழே நான் சொல்கிற அளவெல்லாம் இந்தக் குட்டைக்குத்தான். உங்களுடையது பெரிது என்றால் விகிதப்படி கூட்டிக்கொள்ளுங்கள்.

கரையின் உள்சரிவு செங்குத்தாக இருக்கக் கூடாது. ஒரு மீட்டர் உயரத்துக்கு ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் வரை சரிவு விட்டால் மழையில் சரியாது, வலை இழுக்கும்போது ஏறி இறங்கவும் வசதி. ஐந்தடித் தண்ணீர் நிற்க வேண்டும். அதற்கு மேல் கரை இரண்டடியாவது தலை தூக்கி நிற்க வேண்டும்.

புரட்டாசி

ஆவணியில் மீன் பிடித்து முடித்தவுடன் மிச்சத் தண்ணீரை வயலுக்கு இறைத்துவிடுங்கள். அடிச்சேறு பாளம் பாளமாக வெடித்து, காலை வைத்தால் பதியாத அளவுக்குக் காய வேண்டும். வருஷம் முழுக்கச் சேர்ந்த தீவன மிச்சமும் மீன் கழிவும் சேற்றுக்குள் அழுகிக்கொண்டிருக்கிறது. கறுத்த சேற்றைக் கிளறினால் அழுகின முட்டை நாற்றம் வரும். அந்தக் கெட்ட வாயு வெயிலில்தான் போகும். மேல் சேற்றை அரையடி வழித்துத் தென்னைக்கும் வாழைக்கும் போடுங்கள். எங்கள் தென்னைக்கு நாங்கள் வேறு எந்த எருவும் வாங்குவதில்லை.

பிறகு சுண்ணாம்பு. ஹெக்டேருக்கு 200 முதல் 250 கிலோ என்பது பொதுவான அளவு. நம் குட்டைக்கு 20 கிலோ சொச்சம் வரும். மண் புளிப்பாக இருந்தால் கூடுதலாகத் தேவைப்படும், மண் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். கிளிஞ்சல் சுண்ணாம்பானாலும் கல்சுண்ணாம்பானாலும் டிரம்மில் நீற்றி, ஆறிய பிறகு காற்று போகிற திசையில் தெளியுங்கள். கண்ணில் பட்டால் பொல்லாதது. குழுப் பெண்களிடம் நான் கண்டிப்பாக இருப்பது இந்த ஒரு வேலையில்தான். முகத்தில் துணி கட்டாதவர்கள் கரையில் இறங்கக் கூடாது.

ஐப்பசி பிறப்பதற்குள் கரையைச் சுற்றிச் சவுக்குக் கம்பு நட்டு, மூன்றடி உயரத்துக்கு நைலான் வலை கட்டிவிடுங்கள். அடி வலையை மண்ணில் புதைக்க வேண்டும். உள்ளே மீன் இல்லாதபோது வலை எதற்கு என்று கேட்பார்கள். வெளியே இருக்கிற மீன் உள்ளே வராமல் இருக்கத்தான்.

மேட்டுக் குட்டை

வீட்டுக்குப் பக்கத்தில், வெள்ளம் ஏறாத மேட்டில், மூன்று சென்டில் ஒரு நாற்றங்கால் குட்டை இருந்தால் போதும். மூன்றரை, நான்கடி ஆழம். மேலே வலை மூடி. போர் தண்ணீர் பாய வேண்டும். அதில் ஆவணியில் இரண்டு அங்குலக் குஞ்சு 800 விடுகிறேன். நெருக்கமாகத்தான் இருக்கும், தீவனமும் அளந்துதான். கட்டுப்பட்டு வளர்ந்த குஞ்சு, பின்னால் இடமும் தீனியும் தாராளமாகக் கிடைத்தவுடன் மடமடவென்று எடை ஏறும். ஆந்திராவில் கொல்லேறு ஏரிப் பக்கத்துப் பண்ணைக்காரர்கள் பெரிய அளவில் செய்வது இதே முறைதான்.

தையில் அந்தக் குஞ்சு 50 கிராம், நல்லது 80 கிராம்கூட இருக்கும். அந்த அளவுக் குஞ்சை நீர்க்காகத்தால் எளிதில் விழுங்க முடியாது. தண்ணிப் பாம்புக்கும் கஷ்டம். சாதாரணமாக இரண்டு அங்குலக் குஞ்சை நேராகப் பெரிய குட்டையில் விட்டவர்கள் கடைசியில் வலை போட்டுவிட்டு, "பாதிதான்க்கா வந்துது, மீதி எங்க போச்சுன்னே தெரியல" என்பார்கள். மீதி கொக்குக்கும் விராலுக்கும் போயிருக்கும்.

குஞ்சு வாங்கும்போது ஒரு சோதனை. பொரிப்பகத்தில் ஒரு வெள்ளைப் பேசினில் தண்ணீரோடு ஐம்பது அறுபது குஞ்சை எடுத்துத் தரச் சொல்லுங்கள். கையை விட்டு ஒரே திசையில் தண்ணீரைச் சுழற்றி விடுங்கள். தெம்பான குஞ்சு ஓரத்துக்கு வந்து சுழற்சியை எதிர்த்து நீந்தும். சவலைக் குஞ்சு நடுவில் குவிந்து தண்ணீரோடு சேர்ந்து சுற்றும். நடுவில் பத்துக்கு மேல் குவிந்தால் "அடுத்த வாரம் வரேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். நான் வளர்ப்பது கட்லா, ரோகு, மிர்கால் என்ற மூன்று கெண்டை இனங்கள். கட்லா என்று சொல்லி வேறு குஞ்சைக் கலந்து கொடுப்பதும் நடக்கிறது. கட்லாவுக்குத் தலை பெரிது, வாய் மேல்நோக்கித் திறந்திருக்கும். மிர்காலுக்கு உடம்பு ஒல்லி, வாய் கீழ்ப்பக்கம். ரோகு இரண்டுக்கும் நடுவில். விரல் நீளக் குஞ்சிலேயே இது தெரியும், பார்த்துப் பழகுங்கள்.

இலுப்பைப் பிண்ணாக்கு

மழை நின்று மார்கழி முடியும்போது பெரிய குட்டை நிறைந்து நிற்கும். எவ்வளவு வலை கட்டினாலும் ஏதோ ஒரு இடுக்கில் விராலும் கெளுத்தியும் ஜிலேபி மீனும் (திலாப்பியா) நுழைந்திருக்கும். இரவில் கரையில் உட்கார்ந்தால் விரால் துள்ளுகிற சத்தமே கேட்கும். இதை எடுக்காமல் குஞ்சு விடக் கூடாது. விரால் குஞ்சைத் தின்னும். ஜிலேபியோ குஞ்சு பொரித்துப் பொரித்துப் பெருகித் தீவனம் முழுவதையும் தின்றுவிடும்.

இதற்கு மருந்துக் கடைக்குப் போகாதீர்கள். பூச்சிமருந்து ஊற்றிப் பிடிக்கிற பழக்கம் சில இடங்களில் இருக்கிறது, அந்த மீனைத் தின்னவும் முடியாது, அந்தத் தண்ணீரும் உருப்படாது. இலுப்பைப் பிண்ணாக்கு போதும். அதில் இருக்கிற சபோனின் என்கிற பொருள் மீனின் ரத்தச் சிவப்பணுவை உடைக்கிறது. மயங்கி மேலே வருகிற மீனை எடுத்துச் சமைக்கலாம், கெடுதல் இல்லை. இரண்டு மூன்று வாரத்தில் விஷம் முறிந்து, அதுவே குட்டைக்கு எருவாகிவிடும்.

அளவு, ஒரு மீட்டர் ஆழமுள்ள ஒரு ஹெக்டேர் தண்ணீருக்கு 2,500 கிலோ. நம் குட்டையில் ஒரு மீட்டர் தண்ணீர் நின்றால் 225 கிலோ வேண்டும். அதையே ஓரடியாக இறைத்துவிட்டுப் போட்டால் 70 கிலோவுக்குள் முடிந்துவிடும். ஆகவே முதலில் இறைத்துவிடுங்கள், மார்கழியில் சம்பா வயலுக்கு அந்தத் தண்ணீர் உதவும். பிண்ணாக்கை முதல் நாள் இரவே டிரம்மில் ஊறப்போட்டு, காலை வெயில் ஏறிய பிறகு குட்டை முழுக்கக் கரைத்துத் தெளித்து, நான்கு பேர் இறங்கிக் காலால் கலக்குங்கள். பிறகு போர் தண்ணீரால் நிரப்பிக்கொள்ளலாம். குஞ்சு விடுவதற்கு முன் ஒரு வாளி குட்டைத் தண்ணீரில் ஐந்தாறு குஞ்சைப் போட்டு ஒரு நாள் பாருங்கள். உயிரோடு இருந்தால் விஷம் போய்விட்டது.

சாணம்: ஹெக்டேருக்கு 2,000 கிலோ ஆரம்ப அளவு என்றால் நமக்கு 180 கிலோ. இலுப்பைப் பிண்ணாக்கு போட்ட வருஷம் அதில் பாதி போதும். கோழிப்பண்ணை எருவை நான் சேர்ப்பதில்லை. கோழிக்கு என்ன மருந்து கொடுத்தார்கள் என்று நமக்குத் தெரியாது.

முழங்கை வரை

சாணம் போட்ட பத்துப் பதினைந்து நாளில் தண்ணீர் இளம்பச்சையாக மாறும். கண்ணுக்குத் தெரியாத நுண்பாசியும், அதைத் தின்கிற நுண்ணுயிரும்தான் அந்த நிறம். கட்லாவுக்கு இதுதான் முதல் சாப்பாடு. அளவு பார்க்க விலை கொடுத்துக் கருவி வாங்க வேண்டாம். பத்து மணி வெயிலில், தெளிந்த இடத்தில் இறங்கி, கையை நீட்டி முழங்கை வரை நேராகத் தண்ணீருக்குள் விடுங்கள். உள்ளங்கை மங்கி மறைகிற நேரத்தில் தண்ணீர் முழங்கையைத் தொட்டால் சரியான பதம். முழங்கைக்கு மேலே போயும் விரல் நகம் தெரிகிறது என்றால் இன்னும் சாணம் கரைக்கலாம். மணிக்கட்டிலேயே உள்ளங்கை மறைந்துவிட்டால் பாசி மிஞ்சிவிட்டது, எருவையும் தீவனத்தையும் நிறுத்திவிட்டுப் புதுத் தண்ணீர் விடுங்கள். கலங்கிய மண் தண்ணீரிலும் கை மறையும், ஏமாந்துவிடாதீர்கள். கண்ணாடி டம்ளரில் மொண்டு வெயிலில் பிடித்தால் பாசியா மண்ணா என்பது தெரிந்துவிடும்.

கூடவே தண்ணீரின் புளிப்பையும் காரத்தையும் காட்டுகிற பி.எச். தாள் ஒரு கட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 7.5-லிருந்து 8.5 வரை நல்லது. மத்தியானம் மூன்று மணிக்கு 9-ஐத் தாண்டினாலும் பாசி மிஞ்சியதாகத்தான் அர்த்தம்.

இறக்குவது

தை பிற்பாதி. பனி குறைந்து தண்ணீரில் குளிர் விட்டிருக்க வேண்டும். 900 சதுர மீட்டருக்கு நான் விடுவது 600 மீன்: கட்லா 240, ரோகு 180, மிர்கால் 180. மேல்மட்டத்தில் கட்லா, நடுவில் ரோகு, அடியில் மிர்கால் மேயும். மூன்றும் ஒன்றின் சோற்றில் ஒன்று கை வைக்காது. வரப்பில் கோ-4 தீவனப் புல் இருந்தால் பத்திருபது புல்கெண்டை சேர்த்துக்கொள்ளலாம். ஹெக்டேருக்குப் பத்தாயிரம் வரை விடலாம் என்று புத்தகத்தில் இருக்கும். அந்தக் கணக்குப்படி 900 வரும். காற்றேற்றும் இயந்திரம் இல்லாத குட்டையில் நான் அதைச் செய்ய மாட்டேன். எண்ணிக்கை குறைந்தால் மீன் பெரிதாகும். பெரிய கட்லாவுக்குச் சந்தையில் கிலோ விலையே தனி.

குஞ்சை மாற்றுவதற்கு முதல் நாள் தீவனம் கொடுக்காதீர்கள், வயிறு காலியாக இருந்தால் வழியில் தண்ணீர் கெடாது. விடியற்காலையில் மாற்றுங்கள். வெளியிலிருந்து ஆக்சிஜன் பையில் வந்த குஞ்சு என்றால் பையைப் பிரிக்காமல் கால் மணி நேரம் குட்டையில் மிதக்க விடுங்கள். பிறகு வாயைப் பிரித்து, ஒரு சொம்பு குட்டைத் தண்ணீரை உள்ளே ஊற்றுங்கள். ஐந்து நிமிடம் கழித்து இன்னொரு சொம்பு. அப்புறம் பையைச் சாய்த்துப் பிடியுங்கள், தானாக நீந்தி வெளியே போகட்டும். அவசரப்பட்டுக் கவிழ்ப்பவர்கள்தான் அதிகம். எண்ணிக்கொண்டு விடுங்கள். எண்ணாதவருக்குத் தீவனக் கணக்கு கடைசி வரை பிடிபடாது.

தீவனக் கணக்கு

பயிற்சியில் சதவீதம் சொல்லிக் கொடுப்பார்கள், கரைக்கு வந்ததும் எல்லோரும் கையால் அள்ளிப் போடுவார்கள். மாதம் ஒரு தடவை வீச்சு வலை போட்டு ஒவ்வொரு இனத்திலும் பத்து மீன் பிடியுங்கள். ஈரத் துணிப் பையில் போட்டுத் தொங்கு தராசில் நிறுத்து, எண்ணிக்கையால் வகுங்கள். சராசரி 250 கிராம் என்று வைத்துக்கொள்வோம். விட்ட 600-ல் 85 சதவீதம் பிழைத்தால் 510 மீன். மொத்த எடை 127 கிலோ சொச்சம். அதில் 3 சதவீதம், நாளைக்கு ஏறக்குறைய 3 கிலோ 800 கிராம் தீவனம். ஆரம்பத்தில் 5 சதவீதம், வளர வளர 3, கடைசி மாதங்களில் 2.

மல்லாட்டைப் (நிலக்கடலைப்) பிண்ணாக்கும் தவிடும் சரிபாதி. பிண்ணாக்கை இரவு ஊறவைத்து, காலையில் தவிட்டோடு பிசைந்து, ஓட்டை போட்ட சாக்கில் போட்டு, குட்டைக்குள் நட்ட மூங்கிலில் தண்ணீருக்குள் தொங்குகிற மாதிரி கட்டிவிடுங்கள். மீன் வந்து சாக்கை முட்டி முட்டித் தின்னும். நான்கு மூங்கிலில் பிரித்துக் கட்டினால் சின்ன மீனுக்கும் கிடைக்கும். இரண்டு மணி நேரம் கழித்துச் சாக்கைத் தூக்கிப் பாருங்கள், மிச்சம் இருந்தால் மறுநாள் குறையுங்கள். பூஞ்சை பிடித்த பிண்ணாக்கு பாதி விலைக்குக் கிடைக்கும், தொடாதீர்கள். மிதவைத் தீவனம் போடுபவர்கள் போடலாம், வேலை மிச்சம், செலவு கூட.

ஒன்பது மணிக்கு முன்னால் தீவனம் வேண்டாம். மேகமூட்டமான நாளில் பாதி. மழை நாளில் ஒன்றுமே வேண்டாம். "பாவம்க்கா, பட்டினி கிடக்குதே" என்பார்கள். மீன் இரண்டு நாள் பட்டினியில் சாகாது, ஒரே ராத்திரி மூச்சு முட்டினால் செத்துவிடும்.

விடியற்காலை நாலரை

பகலில் வெயிலை வாங்கி ஆக்சிஜன் விடுகிற அதே பாசி, இருட்டியதும் மீனோடு சேர்ந்து ஆக்சிஜனை இழுக்க ஆரம்பிக்கிறது. கதவு சாத்திய அறையில் கல்யாண வீட்டுக் கூட்டம் மொத்தமும் படுத்துத் தூங்குவது மாதிரிதான். சூரியன் வருவதற்குச் சற்று முன்னால் அறையில் காற்று மிகக் குறைவாக இருக்கும். லிட்டருக்கு 5 மில்லிகிராம் ஆக்சிஜன் இருந்தால் மீன் நிம்மதியாக இருக்கும், இரண்டுக்குக் கீழே போனால் ஆபத்து.

ஆகவே குட்டையைப் பார்க்க வேண்டிய நேரம் விடியற்காலை. டார்ச் எடுத்துக்கொண்டு போங்கள். மீன் மேலே வந்து வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தால் கரையில் ஓங்கிக் கை தட்டுங்கள். சட்டென்று உள்ளே போய்விட்டுத் திரும்பி வராவிட்டால் சும்மா மேய வந்தது. அசையாமல் நின்றாலோ, போன வேகத்தில் திரும்பி வந்தாலோ மூச்சு முட்டுகிறது. நத்தைகள் தண்ணீர் விளிம்பைத் தாண்டிக் கரையில் ஏறியிருப்பதும் அதே அடையாளம்.

அப்போது செய்ய வேண்டியது: மோட்டாரைப் போட்டு, குட்டைத் தண்ணீரையே எடுத்து உயரத்திலிருந்து சிதறி விழுகிற மாதிரி திரும்ப உள்ளே விடுங்கள். போர் தண்ணீர் விடலாம், ஆனால் நிலத்தடித் தண்ணீரில் ஆக்சிஜன் மிகக் குறைவு. குழாயை அப்படியே குட்டைக்குள் நீட்டினால் பயன் இல்லை. மூங்கில் தட்டியை நாலடி உயரத்தில் கட்டி அதன்மேல் கொட்டித் தெறிக்க விடுங்கள். வெயில் நன்றாக ஏறும் வரை நிறுத்தாதீர்கள். அன்றைக்கும் மறுநாளும் தீவனம் கிடையாது.

சித்திரை, வைகாசியில் இது அடிக்கடி நடக்கும். மீன் பெரிதாகியிருக்கும், தண்ணீர் வற்றியிருக்கும், கோடை மழைக்கு இரண்டு நாள் மேகம் மூடும். பக்கத்து ஊர்த் தம்பி ஒருவர் அப்படி ஒரு மேகமூட்டத்தில், கடைசி மாதம் எடை ஏறட்டும் என்று இரட்டிப்புத் தீவனம் போட்டார். காலையில் கரையெல்லாம் வெள்ளை வயிறு. பெரிய மீன்தான் முதலில் செத்திருந்தது.

நோய்

சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் தண்ணீர் சரியாக இருந்தால் பாதி நோய் வராது. மழைக்குப் பின் வருகிற குளிரில் உடம்பில் சிவப்புப் புண் வரும் நோய் உண்டு. வெள்ளத்தோடு வருகிற காட்டு மீன் அதைக் கொண்டுவரும். அதைத் தடுக்க மார்கழியில் நாற்றங்கால் குட்டைக்கு ஒன்றேகால் கிலோ சுண்ணாம்பு கரைத்துத் தெளிப்பது என் வழக்கம். மீன்பேன் ஒட்டினால் மீன் உடம்பைக் கம்பில் தேய்க்கும், துள்ளும். அதற்கும் பூச்சிமருந்து ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். மீன்பேன் முட்டையிடுவது கெட்டியான பரப்பில். குட்டையில் அங்கங்கே மூங்கில் தட்டிகளைச் செருகி வைத்து, வாரம் ஒரு முறை எடுத்து வெயிலில் காயப்போட்டுத் திரும்பச் செருகினால் முட்டை காய்ந்து ஒழியும். மெதுவாகத்தான் குறையும், ஆனால் குறையும். ஆண்டிபயாட்டிக்கை யாராவது கடையில் எடுத்து நீட்டினால் வாங்காதீர்கள். நீர்க்காகத்தைச் சுட்டுவிடலாமா என்று கேட்பவர்களுக்கு: கூடாது. குட்டைக்குக் குறுக்கே ஒரு மீட்டர் இடைவெளியில் நைலான் கயிறு கட்டினால் அதனால் இறங்க முடியாது.

பிடிப்பதும் விற்பதும்

இங்கேதான் நம் ஊருக்கென்று ஒரு சங்கடம். என் மாமியார் கடலோரச் சித்திரைப்பேட்டையில் பிறந்தவர். வஞ்சிரமும் சங்கராவும் தின்ற நாக்கு. குட்டை மீனை வைத்தால் "சேத்து வாடை அடிக்குது" என்று தட்டைத் தள்ளிவிடுவார். அந்த வாடை பொய்யில்லை. நீலப்பச்சைப் பாசி மிஞ்சிய தண்ணீரில் வளர்கிற மீனின் சதையில் ஏறுவது அது. பிடிப்பதற்கு முன் ஒரு வாரம் எரு, தீவனம் இரண்டையும் நிறுத்திப் புதுத் தண்ணீர் பாய்ச்சினால் நன்றாகக் குறையும்.

கடற்கரை ஊரில் கெண்டை விற்கப் போராடாதீர்கள். நெய்வேலி, பண்ருட்டி, விருத்தாசலம் பக்கம் போனால் உயிர் மீனுக்கு ஆள் காத்திருக்கிறது. கடலோரத்திலும் விற்கிற ஒரு காலம் உண்டு: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுத் தடைக்காலம். கடல் மீன் வரத்து குறைந்து விலை ஏறியிருக்கும். தடை முடிவதற்குள் அரைக் கிலோ தாண்டிய கட்லாவை மட்டும் பொறுக்கிப் பிடித்து விற்றுவிடுகிறேன். கையில் காசும் வரும், மிச்ச மீனுக்கு இடமும் கிடைக்கும். மொத்தப் பிடிப்பு ஆடிக் கடைசி, ஆவணி. புரட்டாசி பிறந்துவிட்டால் பாதி ஊர் கறியும் மீனும் தொடாது, வியாபாரி கேட்கிற விலையே வேறாக இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கரையிலேயே விற்பது எல்லாவற்றையும்விட லாபம். வெளியே அனுப்பினால் மீன் எடைக்குச் சம எடை ஐஸ்.

எங்கே கற்றுக்கொள்வது

விருத்தாசலம் வேளாண் அறிவியல் நிலையம், புதுச்சேரி குரும்பாப்பேட்டையில் உள்ள பெருந்தலைவர் காமராஜர் வேளாண் அறிவியல் நிலையம், நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மீன்வளப் பல்கலைக்கழகம் ஆகிய இடங்களில் விசாரியுங்கள். உப்புநீர்ப் பக்கம், அதாவது கொடுவா, பால்மீன், இறால் என்று போக நினைப்பவர்கள் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல்வாழ் உயிரியல் மையத்தில் கேட்கலாம். அங்கே சட்டமும் வேறு. கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்தில் பதிவு செய்யாமல் இறால் குட்டை போடக் கூடாது.

பயிற்சிக்குப் போனால் திரையில் படம் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். வீச்சு வலையை நீங்களே வீசிப் பார்க்க வேண்டும், குஞ்சை நீங்களே எண்ண வேண்டும், தீவனக் கணக்கை நீங்களே போட வேண்டும். விடமாட்டோம் என்றால் கேட்டு வாங்குங்கள்.

ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்க்கச் சொல்லி யாராவது வந்தால் திருப்பி அனுப்புங்கள், அது தடை செய்யப்பட்ட மீன். வெள்ளத்தில் தப்பி ஏரிக்குப் போனால் நாட்டு மீனையெல்லாம் தின்றுவிடும். தொட்டியில் பயோஃப்ளாக் (இயந்திரத்தால் ஓயாமல் காற்றேற்றி, நுண்ணுயிரை வைத்துக் கழிவையே தீனியாக்கி, மீனை நெருக்கமாக வளர்க்கிற முறை) செய்யலாமா என்பது இன்னொரு கேள்வி. மின்சாரம் போய் ஜெனரேட்டர் ஓடாத ஒரு மணி நேரத்தில் தொட்டி மொத்தமும் போகலாம். நம் ஊரில் புயல் நாளில் மின்சாரம் எத்தனை நாள் இருக்காது என்று உங்களுக்கே தெரியும். ஒரு வருஷமாவது மண் குட்டையில் வளர்த்துப் பார்த்துவிட்டு அதற்குப் போங்கள்.

2020-ல் தொடங்கிய பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் குட்டை வெட்டவும் இடுபொருளுக்கும் பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதம், பெண்களுக்கும் பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 60 சதவீதம் மானியம் என்பது விதி. இப்போது விண்ணப்பம் வாங்குகிறார்களா என்பதைக் கடலூர் மீன்வளத் துறை அலுவலகத்தில் நேரில் போய்க் கேளுங்கள். வெட்டுவதற்கு முன்னால் கேளுங்கள், வெட்டி முடித்த குட்டைக்கு மானியம் கேட்டு அலைவது வீண். மீன் வளர்ப்புக்கும் கிசான் கடன் அட்டை உண்டு, வங்கியில் இல்லை என்று சொன்னால் மேலாளரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள்.

என் குட்டைக்கு வருகிறவர்கள் தை பிற்பாதியில் வாருங்கள், குஞ்சு மாற்றுகிற வேலை அப்போதுதான். மாற்றுத்துணி எடுத்துக்கொள்ளுங்கள். செருப்பைக் கரையிலேயே கழற்றிவிட்டு இறங்க வேண்டிவரும்.